முப்பத்தாறாம் பல்

கிராம்புத் தைலத்தின் வாசனை இன்னும் மாறவில்லை. போன வாரம் புதுக்கோட்டையில் ஒரு பல் மருத்துவமனையில் காத்திருந்தேன். குளிர்சாதனம், மீன் தொட்டி, சுவரில் சிரிக்கும் குடும்பம் ஒன்றின் படம். தாத்தாவிலிருந்து பேரன் வரை அந்தக் குடும்பத்தில் ஐந்து பேருக்கும் ஒரே பல்வரிசை. உள்கதவு திறந்தபோது அந்த வாசனை வந்தது. உடனே கீரமங்கலத்தில் பூக்கமிஷன் கடைக்கு மேல்மாடியில் இருந்த உன் அறை வந்துவிட்டது. கீழிருந்து மல்லிகையும் உள்ளிருந்து கிராம்பும் கலந்து மணக்க, நீ சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, "வா பங்காளி, வாயத் தொற" என்றாய்.

என்னை நாற்காலியில் சாய்த்தார்கள். டாக்டர் இளம்பெண். சின்னக் கண்ணாடியை என் வாய்க்குள் விட்டுப் பார்த்தபடி, கணினி முன்னால் இருந்த பெண்ணிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். "ஒன் செவன், சொத்தை. டூ ஃபோர், இல்லை. த்ரீ சிக்ஸ், பழைய ஃபில்லிங், நல்லா இருக்கு."

"கீழ, இடது பக்கம், நடுவுல இருந்து ஆறாவது" என்றேன். வாயில் கண்ணாடி இருந்ததால் அது வேறு ஏதோ மாதிரி வெளியே வந்தது. அவர் பதறிக் கையை எடுத்தார்.

"வலிக்குதா அங்கிள்?"

"இல்லம்மா. விலாசம் சரியா இருக்கான்னு பாத்தேன்."

"நீங்க டென்டிஸ்டா?"

"சர்வேயர். ரிட்டயர்டு."

அவர் சிரித்தார். பல்லுக்கும் நிலம் அளக்கிறவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. பின்னால் ஆறு பேர் காத்திருந்தார்கள். அந்தச் சம்பந்தம் தெரிந்தவன் நீதான். நீ போய்ச் சேர்ந்து, வருகிற ஐப்பசியோடு இரண்டு வருஷம். அதனால் என்ன, உனக்கே எழுதுகிறேன்.

நாம் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கணக்கில் ஒரே மதிப்பெண் வாங்கியவர்கள். பெஞ்ச் ஒன்று என்பதுதான் அதற்குக் காரணம். பிறகு நீ பல்லுக்குப் போனாய், நான் நிலத்துக்குப் போனேன். பல வருஷம் கழித்து ஆலங்குடி தாலுகாவுக்கு மாற்றலாகி வந்து, ஒரு நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு மாடிப்படி ஏறினால், மேலே நீ நிற்கிறாய். அன்றைக்கு என் வாயைப் பார்த்துவிட்டு உன் உதவியாளரிடம் ஒரு எண் சொன்னாய். ஊசி போட்டு மரத்துப்போன உதட்டோடு நான் கேட்டேன்.

"முப்பத்தாறா? மனுசனுக்கு முப்பத்திரண்டு பல்லுதானடா?"

"முப்பத்தாறு இல்ல. மூணு, ஆறு. தனித்தனியாப் படி. வாய நாலாப் பிரிச்சுக்க. ஒன்னோட வலது பக்கம் மேல ஒண்ணு, இடது பக்கம் மேல ரெண்டு, இடது பக்கம் கீழ மூணு, வலது பக்கம் கீழ நாலு. ஒவ்வொண்ணுலயும் நடுவுல இருந்து உள்ள பாத்து எண்ணிக்கிட்டே போனா எட்டுப் பல்லு. மொத நம்பரு எந்தப் பகுதி, ரெண்டாவது நம்பரு அதுல எத்தனாவது."

"கிராமம் மூணு, புலம் ஆறு."

"அம்புட்டுத்தான். பட்டா மட்டும் கெடையாது."

அந்த நாளிலிருந்து நான் பல்லை ஓர் அலுவலகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். முப்பத்திரண்டு பல்லுக்கு நாற்பத்தெட்டு வரை எண் போகிறது. இடையில் பத்தொன்பதும் இருபதும் கிடையாது, முப்பதும் கிடையாது. இதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. எங்கள் துறையில் நிலமே இல்லாத எண்களும் உண்டு, எண்ணே இல்லாத நிலங்களும் உண்டு. பால்பல்லுக்கு ஐந்திலிருந்து எட்டு வரை தனி எண் கொடுத்து, விழுந்ததும் ரத்து செய்துவிடுவார்கள் என்று நீ சொன்னபோது, தற்காலிக உரிமம் என்று என் மனசுக்குள் பதிந்துகொண்டேன். அமெரிக்காவில் இப்படியெல்லாம் பிரிக்காமல் ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை நேராக எண்ணுவார்களாம். வலது மேல்கோடியில் இருக்கும் ஞானப்பல் அங்கே ஒன்றாம் எண். நம் கணக்கில் அது எட்டாவது, கடைசி. "அவங்க ஞானத்துல இருந்து ஆரம்பிக்கிறாங்க, நாம போய்ச் சேந்தாப் பாத்துக்கலாம்னு இருக்கோம்" என்றாய். "பேரு வச்சாப் போதாதாடா, எதுக்கு நம்பரு?" என்று கேட்டதற்கு, "பேரு ஊருக்கு ஊரு மாறும். கடவாப்பல்லுன்னு ஒருத்தன் சொன்னா அதுல பன்னெண்டு பல்லு இருக்கு. எதப் புடுங்குவ?" என்றாய்.

நியாயம்தான். அந்த நியாயத்தை நான் ஒரு முறை கெடுத்தேன்.

கீரமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நீ இலவச முகாம் வைத்தாய். உன் உதவியாளர் பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். "நீ வந்து எழுது பங்காளி, சனிக்கிழமைதானே" என்று கூப்பிட்டாய். நீ வாயைப் பார்த்து எண் சொல்ல வேண்டும், நான் நோட்டில் பதிய வேண்டும். எனக்காக ஒரு தாளில் கூட்டல் குறி மாதிரி கோடு போட்டுக் கொடுத்தாய். மேலே இடது மூலையில் ஒன்று, மேலே வலது மூலையில் இரண்டு, கீழே வலது மூலையில் மூன்று, கீழே இடது மூலையில் நான்கு.

இருபது வருஷம் அரசு வேலை பார்த்தவனிடம் ஒரு தாளைக் கொடுத்தால், அதில் கோடு கிழித்து ஒரு கலமாவது கூடுதலாகப் போடாமல் திருப்பித் தர மாட்டான். எனக்கு ஒரு யோசனை வந்தது. நோட்டில் எண் இருக்கட்டும். ஆனால் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சீட்டில் நாற்பத்தாறு என்று எழுதினால் அப்பன்மார் என்ன நினைப்பார்கள்? நூற்றுக்கு நாற்பத்தாறு வாங்கியிருக்கிறான் என்று முதுகில் இரண்டு வைப்பார்கள். அதனால் சீட்டில் எண்ணே வேண்டாம், எல்லாருக்கும் புரிகிற நல்ல தமிழில் எழுதுவோம் என்று முடிவு செய்தேன். நீ "நாலு, ஆறு" என்றால், நான் உன் படத்தில் நான்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். கீழே, இடது பக்கம். "கீழ் இடது பெரிய கடைவாய்ப்பல்" என்று சீட்டில் எழுதுவேன். எழுத்து அச்சுப் போல இருந்தது. அறுபத்து மூன்று பிள்ளைகளுக்கு அறுபத்து மூன்று சீட்டு.

சாயங்காலம் தலைமையாசிரியர் கொடுத்த சுண்டலைத் தின்றுகொண்டே அறுபத்து மூன்றிலும் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தாய். "தமிழ்ல எழுதியிருக்கியா? நல்லதாப் போச்சு" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. இன்னொரு சுண்டல் வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு தாய் மகனைக் கூட்டிக்கொண்டு சீட்டோடு உன் மாடிக்கு வந்தார். ஃபீல்டுக்குப் போவதாக அலுவலகத்தில் எழுதி வைத்துவிட்டு நான் உன் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நிலம் எங்கும் போய்விடாது என்பது எங்கள் துறையின் நம்பிக்கை. நீ சீட்டைப் பார்த்தாய், பையன் வாயைப் பார்த்தாய், மறுபடி சீட்டைப் பார்த்தாய்.

"பங்காளி, எந்திரி. எனக்கு எதுக்க வந்து நில்லு. ஒன் வலது கையத் தூக்கு."

தூக்கினேன். நீயும் உன் வலது கையைத் தூக்கினாய்.

"ரெண்டும் ஒரே பக்கமா இருக்கு?"

இல்லை. உன் கை ஜன்னல் பக்கம் இருந்தது. என் கை கதவுப் பக்கம் இருந்தது.

"நான் போட்டுக் குடுத்தது எதுக்க ஒக்காந்திருக்குற ஆளோட வாயி. தாள்ல இடது பக்கம் இருக்குறது அந்த ஆளுக்கு வலது. நீ புள்ளைக்குப் பாக்கல பங்காளி, தாளுக்கு வைத்தியம் பாத்திருக்க."

நான் இருபது வருஷமாக வரைந்த படங்களில் வலப்பக்கம் என்றால் கிழக்கு. தாளைப் பார்க்கிறவனுக்கும் அதுதான் கிழக்கு, வயலில் நிற்கிறவனுக்கும் அதுதான் கிழக்கு. நிலம் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வாய் பார்க்கிறது. முதல் நாள் நீ வாயால் சொன்னது, தாள் கைக்கு வந்ததும் மறந்துவிட்டது. இந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் சுற்றறிக்கையாக அனுப்பவில்லை.

நீ நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகத் தள்ளினாய். ஏறக்குறைய எல்லாம் சின்னச் சொத்தை, அடைக்க வேண்டியவை. அடைக்கிறவர் குழியைப் பார்த்துத்தான் அடைப்பார், சீட்டு தப்பாக இருந்தாலும் குழி தப்பாது. கடைசிப் பக்கத்தில் உன் விரல் நின்றது. கவிதா, ஐந்தாம் வகுப்பு. நான்கு ஆறு, எடுக்க வேண்டும். மூன்று ஆறு, அடைக்கலாம். பிடுங்க வேண்டியது என்று நீ சொன்னது அவள் ஒருத்திக்குத்தான். வலது பக்கப் பல் முழுக்கப் போய்விட்டது, இடது பக்கம் கொஞ்சம்தான். என் சீட்டில் அது தலைகீழாக இருந்தது. இரண்டு பக்கமும் சொத்தை இருப்பதால் பார்க்கிறவருக்கும் சந்தேகம் வராது.

"பால்பல்லுதானே? மொளைச்சுக்கிராதா?" என்று கேட்டேன்.

அந்த ஒரு நாள்தான் நீ என் மேல் கோபப்பட்டாய் என்று நினைக்கிறேன். "ஆறாவது பல்லுடா. ஆறு வயசுல எந்தப் பல்லும் விழாமயே பின்னாடி சத்தமில்லாம மொளைக்கும். எல்லாரும் பால்பல்லுன்னு நெனச்சு விட்டுர்றாங்க. ஒரு தடவதான் வரும். புடுங்கினா அந்தப் புள்ளைக்கு ரெண்டு பக்கமும் போச்சு. எதுல மெல்லுவா?"

அந்த ஊருக்கு உன் ஸ்கூட்டரில் போனோம். கவிதாவின் அம்மா தோட்டத்தில் காட்டுமல்லி பறித்துக்கொண்டிருந்தார். மடியில் கட்டியிருந்த பூவோடு நிமிர்ந்தார்.

"அவுக அப்பா நாளைக்குக் குவைத்து கெளம்புறாக சார். அறந்தாங்கியில டிக்கெட்டு வாங்கணும்னு போயிருக்காக. அப்புடியே இவ பல்லையும் புடுங்கிட்டு வந்துர்றேன்னு கூட்டிட்டுப் போய்ட்டாக. ஒரே அலைச்சலாப் போயிரும்ல."

"எந்த ஆஸ்பத்திரிம்மா?"

"பஸ் ஸ்டாண்டுகிட்ட புதுசா ஒண்ணு வந்திருக்காம்ல, அங்கிட்டு. ஏன் சார், டாக்டர் சீட்டு இருக்குல்ல?"

சீட்டு இருந்ததுதான் சிக்கல். அவர்களிடம் செல்போன் கிடையாது. நீ வண்டியைத் திருப்பினாய். அறந்தாங்கிக்குப் பாதி வழியில், முன்னால் பார்த்தபடியே, "ஒன் தமிழு நல்ல தமிழுடா" என்றாய்.

மூன்று பேரிடம் விசாரித்து அந்த ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தோம். உள்ளே போனபோது பார்த்த காட்சி எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. டாக்டர் நாற்காலிக்கு இந்தப் பக்கம் நின்று தன் ஆள்காட்டி விரலில் பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தார். பெரிய நாற்காலியில், கால் பாதி வரைக்கும்கூட எட்டாமல், வாயை இறுக்கி மூடிக்கொண்டு கவிதா உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா ராமையா என் சீட்டை விரித்துப் பிடித்தபடி கெஞ்சிக்கொண்டிருந்தார். ஊசி போட வந்த விரலை அவள் கடித்துவிட்டாள்.

"இங்கிட்டுத்தான் வலிக்கிது. அவரு அங்கிட்டு ஊசி போட வாராரு" என்றாள் பல்லைக் கடித்தபடியே.

"பேப்பர்ல எழுதியிருக்குத்தா. டாக்டர் சீல் வச்சிருக்காக."

"பேப்பருக்கா வலிக்கிது?"

என் பணிக்காலம் முழுக்க மூலப்பத்திரத்தோடு வந்தவர்களையும் பட்டாவோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இவ்வளவு தெளிவான ஆட்சேபணையை ஒருவரும் சொன்னதில்லை. அது எவ்வளவு நியாயம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது நீ முன்னால் போய்விட்டாய்.

"கேம்ப் போட்டது நான்தான் சார். சீட்டு தப்பா இருக்கு. வலது இடது மாறிப்போச்சு. தப்பு என்னோடது."

அந்த டாக்டர் சீட்டையும் உன்னையும் பார்த்தார். "இம்புட்டு அழகா எழுதிட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே சார்" என்றார். ராமையாவும் உன்னைப் பார்த்தார், பிறகு ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அது ஒரு உரக்கடையின் காலண்டர். அதில் பார்க்க எதுவும் இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நீ கவிதாவின் முன்னால் உன் கண் அவள் கண்ணுக்கு நேராக வருகிற மாதிரி குனிந்து நின்றாய். "நீயே வெரல வச்சுக் காட்டு ஆத்தா, எது வலிக்கிது?" அவள் யோசித்துவிட்டு, வாயைத் திறந்து, தன் விரலை வலது பக்கம் வைத்தாள். கடிபட்ட டாக்டரின் விரலால் கொறடு பிடிக்க முடியவில்லை. "நீங்களே எடுத்துருங்க சார், ஒங்கள நம்புறாள்ல" என்றார். இன்னொருவர் ஆஸ்பத்திரியில், இன்னொருவர் கொறடைப் பிடித்து, சரியான பல்லை எடுத்தாய். இடது பக்கத்தையும் அப்போதே வெள்ளியால் அடைத்துவிட்டாய். அவள் உன்னைக் கடிக்கவில்லை.

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தினோம்.

"நான் சொல்லியிருக்கணும்டா" என்றேன்.

"டீயக் குடி."

அத்தோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டாய். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை மீதி அறுபத்தொரு வீட்டுக்கும் போய்ச் சீட்டு மாற்றிக் கொடுத்தோம். ஆட்டுப்பட்டியில் ஒரு வாய், கிணற்றடியில் ஒரு வாய் என்று நீ டார்ச் அடித்துப் பார்த்தாய். ஒவ்வொரு வீட்டிலும் "தப்பா எழுதிட்டேன்ங்க" என்று நீயே சொன்னாய். நான் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்பதாவது வீட்டில் அது உனக்கே பழகிவிட்டது. சொல்லிவிட்டு மோர் கேட்டு வாங்கிக் குடித்தாய்.

அதன் பிறகு உன் நோட்டில் ஒரு புதுக் கலம் வந்தது. எந்தப் பல்லைத் தொடுவதற்கு முன்னாலும் வந்தவரை விரல் வைத்துக் காட்டச் சொல்வாய், அதற்கு அவர் என்ன பெயர் சொல்கிறார் என்று கேட்டு எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுவாய். ஓய்வான மத்தியானங்களில் அந்தக் கலத்தை நான் படிப்பேன். இரண்டு மூன்று: சிங்கப்பல்லு. நான்கு ஏழு: முறுக்கு கடிக்கிற பல்லு. ஒன்று ஒன்று: மச்சான் அடிச்ச பல்லு. மூன்று எட்டு: மொளைக்கவே வேண்டாம்னு இருந்த பல்லு. எங்கள் துறையின் எந்தப் பதிவேட்டிலும் இத்தனை உண்மை இல்லை.

ஆனால் நான் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம், நீ இருந்த வரைக்கும், நீ போன பிறகும், அந்த ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. நீ என் பிழையை வாங்கிக்கொண்டாய், நான் கொடுத்துவிட்டேன். மற்றவர்கள் பிழைகளைப் பற்றி நான் எவ்வளவு நன்றாகப் பேசுவேன் என்பது உனக்குத் தெரியும். என்னுடையது ஒன்று காலண்டருக்குப் பின்னால் இருந்தது.

பல்லைக் காட்டிவிட்டு வந்த வாரத்து ஞாயிறன்று கீரமங்கலத்துக்குப் போனேன். உன் படத்துக்கு ஒரு மாலை சொல்லிவிட்டு வரலாம் என்று. பூமார்க்கெட்டில் ஒருவர் மூட்டை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார். ராமையா. குவைத்தை முடித்துக்கொண்டு வந்து மல்லிகைத் தோட்டம் போட்டிருக்கிறாராம். முடி முழுக்க வெள்ளை.

"சர்வேயர் சார்தானே? நல்லா இருக்கீகளா? டாக்டர் போனது எங்களுக்கெல்லாம் பெரிய எழப்புங்க."

இரண்டு பேரும் டீ சொன்னோம். அன்றைக்கு எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. புதுக்கோட்டை நாற்காலியில் உட்கார்ந்தது காரணமாக இருக்கலாம்.

"ராமையா, ஒங்க மக சீட்டு இருக்கே, அன்னைக்கு..."

"அத எழுதுனது நீங்கதானே சார்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கேதான். அந்தச் சீட்டு எனக்குப் படிக்கப் புரிஞ்சிச்சுல்ல சார். டாக்டர் எழுதுனதா இருந்தாப் புரியுமா?" என்று சிரித்தார். "கேட்டேன் சார் டாக்டர்கிட்ட, அடுத்த லீவுல வந்தப்ப. 'எழுதுனது பங்காளிதான். ஆனா அவன் ஒரு தப்புதான் பண்ணுனான், வலது இடது. நான் அறுபத்து மூணு பண்ணுனேன். ஒண்ணையும் படிக்காம கையெழுத்துப் போட்டேன். யாரு பெரிய ஆளு?'ன்னாரு."

இதை நீ என்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் ஒத்துக்கொண்டு, அறுபத்து மூன்றை உன் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஒளித்து வைத்திருப்பதாக நினைத்ததை ராமையா அன்றைக்கே தெரிந்துகொண்டு, எனக்காகப் பேசாமல் இருந்திருக்கிறார். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நன்றாக இருந்தது. இரண்டாவது டீயையும் குடித்தேன்.

ராமையா விடவில்லை. "கவிதா வந்திருக்கு சார், லீவுக்கு. வாங்க, பாத்துட்டுப் போங்க" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

கவிதாவுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. திருச்சியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அப்பா சொன்னதும் தெரிந்தது. உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு அவசரமாக இருந்தது. "அம்மா, அந்தச் சீட்டு நான் எழுதினது. தப்பு என்னோடது" என்றேன். சொல்லிப் பார்த்தால் மொத்தம் பத்து விநாடிகூட ஆகவில்லை.

அவள் வாயைத் திறந்து, கீழ் உதட்டை ஓரமாக இழுத்து, ஒரு பல்லின் மேல் விரலை வைத்தாள். நீ அடைத்த வெள்ளி கறுத்துப்போய் அங்கே இருந்தது.

"இந்தா சார், நீங்க புடுங்கச் சொன்ன பல்லு."

அவள் அம்மா, "ஏய், பெரியவுகள இப்படியா" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். நான் நன்றாகப் பார்த்தேன். எனக்கு எதிரே நின்றவளின் இடது பக்கம், கீழே, ஆறாவது. இருபத்திரண்டு வருஷமாக அதில்தான் மென்றுகொண்டிருக்கிறாள். இன்னொரு பக்கத்தில் ஓர் இடைவெளி. அதுவும் சரியான இடத்தில் இருந்தது.

அவள் மகள் யாழினிக்கு ஆறு வயது. முன்பல் இரண்டும் விழுந்து, அந்த வழியாக நாக்கை நீட்டி எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "இவளுக்கும் பின்னாடி ஒண்ணுல கறுப்பா இருக்கு சார். கூச்சமா இருக்குங்கறா. பால்பல்லுதானே, விழுந்து மொளைச்சுக்கிரும்னு விட்டுட்டேன்" என்றாள் கவிதா.

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். நடுவிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனால் ஐந்து பால்பல்லுக்குப் பின்னால், எதுவும் விழாமல், சத்தமில்லாமல் ஆறாவது வந்து நின்றது. அதன் மேல் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி.

"இது பால்பல் இல்லம்மா. இது ஒரு தடவதான் வரும். இப்பவே காட்டுனா அடைச்சு விட்டுருவாங்க. புதுக்கோட்டையில ஒரு டாக்டர் அம்மா இருக்காங்க, நல்லாப் பாக்குறாங்க."

கவிதா முகம் மாறியது. உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். "அவங்களுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சார். எந்தப் பல்லு, எந்தப் பக்கம்னு. ஒங்க எழுத்துன்னா எல்லாருக்கும் புரியும்."

கேலி செய்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை, உண்மையாகத்தான் கேட்டாள். அவள் அப்பாதான் துண்டால் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பியிருந்தார்.

தாளைத் தள்ளி வைத்தேன். "எழுத மாட்டேன்மா. நான் கூட வாரேன்" என்றேன்.

நீ விட்டுப் போனதில் என்னிடம் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு சீட்டைத் திருத்துவதற்கு இன்னொரு சீட்டை அனுப்பாமல், வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போய் நிற்பது. எனக்கு அது வர இருபத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. அலுவலகக் கணக்கில் தாமதம் இல்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை, எட்டரை மணி பஸ்ஸில் கவிதாவும் யாழினியும் நானும் போகிறோம். பேனாவை வீட்டில் வைத்துவிட்டுப் போவேன்.